புள்ளியும் படமும்

புள்ளி வைத்துக் கோலம் இடுவோர், கோலத்தின் அளவுக்கேற்பப் புள்ளிகளை வைப்பர். சிறு கோலத்தின் புள்ளிகளைக் கொண்டு தெருவை நிரப்ப முயன்றால் இடைவெளிகளே மிகும். டிஜிட்டல் ஒளிப்படத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். அதுவும் பிக்சல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளால் ஆயதே.

டிஜிட்டல் கேமராக்களுள் முதலாவது என்று போற்றப்படுவதை, 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்தார். வரிசைக்கு 100 புள்ளிகளாக 100 வரிசைகள், ஆக 10,000 புள்ளிகளே அதன் படத்தில் இருந்தன. இன்றோ, வரிசைக்கு 6,000 புள்ளிகளாக 4,000 வரிசைகள், அதாவது 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகளைப் பதியும் கேமராக்கள் பலரிடம் உள்ளன.

இத்தகைய படத்தை எவ்வளவு பெரிதாக அச்சிடலாம்? கையில் ஏந்திப் பார்க்கும் படம் தெளிவாக இருக்க, அங்குலத்திற்கு ஏறத்தாழ 300 புள்ளிகள் வேண்டும். 6,000ஐ 300ஆல் வகுத்தால் 20 ஆகும். ஆகவே, அப்படம் 20 அங்குல நீளம் வரை கூர்மை குன்றாது விளங்கும். அவ்வாறாயின், சுவரளவு படம் அச்சிட இயலாதோ? இயலும். ஓரடித் தொலைவில் தனித்தனியே தெரியும் புள்ளிகள், பத்தடித் தொலைவில் ஒன்றாகக் கலந்து தோன்றும். அங்கு நின்று காண்போர்க்கு அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 புள்ளிகளே போதும். அப்போது அதே படத்தை 16 அடி நீளத்திற்கும் பெரிதாக்கலாம். எனவே, படத்தைக் காண்போர் எவ்வளவு தொலைவில் நிற்பர் என்பதை முதற்கண் எண்ணுதல் வேண்டும்.

கேமரா பதியாத நுட்பத்தைப் பின்னர் எவராலும் மீட்க இயலாது. கணினி புதிய புள்ளிகளை இடையே நிரப்பும். எனினும், அவை ஊகமே. மறைந்த பாட்டியாரின் ஒரே படத்தைப் பெரிதாக்க விரும்பும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கைப்பேசிச் செயலி சுருக்கி அனுப்பிய படியிலிருந்து அச்சிட்டால் முகம் மங்கும். கணினியின் ஊகத்தை மிகுதியாக நம்பினாலோ, அம்முகம் அவர் முகமாகவே இராது. ஆதலால், கேமரா பதிந்த மூலக் கோப்பையே தேடிப் பெறல் வேண்டும். அதனை மாற்றாது காத்து, அதன் படி ஒன்றிலேயே திருத்தங்களைச் செய்தல் நலம்.

வண்ணத்திலும் விழிப்பு வேண்டும். கணினித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளை வீசி வண்ணம் காட்டுகிறது. தாளோ தானே ஒளிர்வதில்லை. அதன்மேல் உள்ள சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகள் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்ச, எஞ்சியதே நம் கண்ணை அடைகிறது. ஆகவே, திரையில் பளிச்சிடும் பச்சை தாளில் மங்கித் தோன்றலாம். முழுப்படத்தையும் அச்சிட்டபின் வருந்திப் பயனில்லை. முகம் உள்ள சிறு பகுதியை மட்டும் இறுதி அளவிலேயே முதலில் அச்சிட்டு நோக்குதல் வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அன்றோ?