செங்கல்லில் குழைத்த வண்ணம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓவட்டோனா என்றொரு சிற்றூர். சுற்றிலும் வயல்கள், பால்பண்ணைகள். 1908இல் அந்த ஊரில் இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்க் தன் புதிய கட்டடத்தைத் திறந்தது. வங்கி என்றால் முகப்பில் கிரேக்கத் தூண்கள் நிற்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். இங்கே ஒரு தூண்கூட இல்லை. 68 அடிக்கு 68 அடி சதுரமான செங்கல் கட்டடம். தெருவைப் பார்த்த இரு சுவர்களிலும் 36 அடி அகலத்துக்கு ஒவ்வொரு வளைவு, அவ்வளவுதான்.

வரைந்தவர் லூயி சல்லிவன். சிகாகோவின் வானளாவிகளால் பெயர் பெற்று, பிறகு வேலை கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டுத் தேடி வந்தவர் கார்ல் பென்னட் என்ற வங்கியாளர், இசைப் பித்தர். இந்தக் கட்டடத்தை வண்ணங்களால் ஆன சிம்பொனியாக்கப்போவதாக அவருக்கே சல்லிவன் கடிதம் எழுதினார்.

வெறும் பேச்சில்லை அது. சுவரை நெருங்கிப் பாருங்கள்: ஒரு செங்கல் பழுப்பு, அடுத்தது கருஞ்சிவப்பு, இன்னொன்றில் பச்சை சாயல். சொரசொரப்பான முகம் கொண்ட, வெவ்வேறு நிறச் செங்கற்களை வேண்டுமென்றே கலந்து அடுக்கியிருக்கிறார்கள். எதிர்த் தெருவுக்குப் போனால் எல்லாம் ஒரே மென்சிவப்பாகிவிடும். நம் கண்ணின் கூர்மைக்கு எல்லை உண்டு. ஒரு டிகிரி கோணத்தில் சுமார் 60இல் ஒரு பங்குக்குக் கீழே இரண்டு கோடுகளைப் பிரித்தறிவது கடினம். அந்தக் கணக்கில், ஐந்தாறு சென்டிமீட்டர் உயரமுள்ள செங்கல் வரிசை கண்ணிலிருந்து மறைய 200 மீட்டர் அளவுக்கு விலக வேண்டும். ஆனால் நிற வேறுபாட்டைப் பிரிப்பதில் கண் இன்னும் மந்தம். அதனால் செங்கற்களின் கோடுகள் தெரிந்துகொண்டிருக்கும்போதே நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வழவழவென்று ஒரே நிறத்தில் பூசிய சுவருக்கு இந்த உயிர்ப்பு வராது.

வளைவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வளைவு தன்மேல் விழும் பளுவை அமுக்கமாகவே மாற்றி இரு பக்கமும் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு எதிராகப் பக்கத்தில் கனமான சுவர் வேண்டும். 68இல் 36 போனால் பக்கத்துக்கு 16 அடி. மூலைகள் அசையாதவை போலத் தோன்றுவதற்குக் காரணம் அந்த அகலம்தான். பணம் போட வருபவருக்கு வேறென்ன உறுதிமொழி வேண்டும்?

வளைவுகளுக்குள் லூயி மில்லே அமைத்த வண்ணக் கண்ணாடிகள். பால்கலந்தாற்போன்ற இவ்வகைக் கண்ணாடிக்குள் இருக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். வெயில் கற்றையாக விழாமல், பச்சையும் பொன்னுமாகக் கூடமெங்கும் பரவுகிறது. உள்ளே தொங்கும் நான்கு வார்ப்பிரும்பு விளக்குகள் ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல். கட்டடத்தின் செடிகொடி அலங்காரங்களில் பெரும்பகுதி சல்லிவனின் உதவியாளர் ஜார்ஜ் எல்ம்ஸ்லியின் கைவண்ணம். புகழ் மட்டும் முதலாளிக்குப் போயிற்று. சுவரோவியமாக ஆஸ்கர் கிராஸ் தீட்டியவை கடவுளரோ வீரரோ அல்ல. கடன் கேட்டு வந்த விவசாயி தலை நிமிர்ந்தால் மேயும் மாடுகளைப் பார்த்தார்.

சல்லிவன் 1924இல் வறுமையில் இறந்தார். 1926இல் இந்த வங்கியே நொடித்துப்போயிற்று. கட்டடத்துக்கு வேறு வங்கிகள் வந்தன. 1981இல் அமெரிக்க அஞ்சல் துறை அதை 18 சென்ட் தபால்தலையில் அச்சிட்டது.