தொலைந்த பொருள் அறிவிப்புகளுக்கு நடுவே

பிளாக்செயின் என்றால் என்ன என்று கேட்டால், 'எல்லோர் கையிலும் நகல் இருக்கும் கணக்குப் புத்தகம்' என்கிறார்கள். சரிதான். ஆனால் அப்படி ஒரு புத்தகம் எதற்கு? அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம், பிளாக்செயினில் இயங்கும் டிஜிட்டல் பணமான பிட்காயினுக்கு முன்பே ஒரு நாளிதழில் அச்சாகிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டோர்னெட்டாவும் 1991-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் உள்ள ஆவணத்தைத் திருத்தினால் தடயம் தெரியாது, தேதியையும் மாற்றிவிடலாம். 'இன்ன நாளில் இது இப்படித்தான் இருந்தது' என்று எப்படி நிரூபிப்பது? நம்பகமான ஒருவரிடம் பதிந்து வைக்கலாம். அவரே விலைபோய்விட்டால்?

அவர்கள் கையில் எடுத்தது 'ஹாஷ்'. எவ்வளவு பெரிய ஆவணத்தையும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரே வரியாகச் சுருக்கித் தரும் கணக்கு அது. ஒரு காற்புள்ளியை நீக்கினாலும் வரி அடியோடு மாறிவிடும். இருவரும் தொடங்கிய ஷ்யூரிட்டி நிறுவனம், வாடிக்கையாளர்களின் ஹாஷ்களையெல்லாம் பிணைத்து, வாரத்துக்கு ஒரு வரியாக்கி, 1995 முதல் நியூயார்க் டைம்ஸில் விளம்பரமாக வெளியிட்டது. தொலைந்த பொருள் அறிவிப்புகளுக்கு நடுவே, யாருக்கும் புரியாத ஒரு வரி!

இனி பழைய ஆவணம் ஒன்றில் கைவைக்க நினைப்பவர், நூலகங்களிலும் வீடுகளிலும் கிடக்கும் அந்த வாரத்துப் பிரதிகள் அத்தனையையும் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும். ஷ்யூரிட்டி நிறுவனமே நினைத்தாலும் ஏமாற்ற முடியாது. எனக்கு இதில் பிடித்ததே இதுதான்: காவல்காரரின் நாணயத்தை நம்பி எதுவும் நிற்கவில்லை.

2008-ல் சதோஷி நகமோட்டோ வெளியிட்ட பிட்காயின் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் இருப்பவை எட்டே எட்டு. அவற்றில் மூன்று இவர்களுடையவை. நாளிதழின் இடத்தில் சதோஷி வைத்தது உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர்களை. ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு 'பதிப்பு'. அடுத்த பதிப்பை வெளியிடும் உரிமைக்கு மின்சாரத்தைச் செலவழித்துப் போட்டியிட வேண்டும். பழைய பதிப்பைத் திருத்த நினைப்பவர், அதற்குப் பின் வந்த அத்தனைக்கும் அந்த உழைப்பை மீண்டும் போட்டாக வேண்டும்.

ஆனால் விளம்பரத்தில் வந்த அந்த வரி, ஆவணம் மாறவில்லை என்று மட்டுமே சொல்லும். அதில் எழுதியிருப்பது உண்மையா என்று சொல்லாது. பொய்ப் பத்திரத்தைப் பதிந்தால் அந்தப் பொய்யும் அழியாமல் இருக்கும். நிலப் பதிவு முதல் மருந்துப் பெட்டி வரை எல்லாவற்றுக்கும் பிளாக்செயினைப் பரிந்துரைப்பவர்களிடம், முதல் பதிவை யார் சரிபார்ப்பது என்று கேட்க வேண்டும். எழுதுவதும் படிப்பதும் ஒரே அலுவலகம் என்றால், சாதாரண டேட்டாபேஸே போதும்.