அழித்து எழுதவிட்ட பேரேடு

ஜனவரி 7ஆம் தேதி ஒரு பார்ட்டிக்குப் போட்ட பில் 45,000 ரூபாய். என்ட்ரி போட்டவர் அவசரத்தில் 54,000 என்று அடித்துவிட்டார். மார்ச்சில் அந்தப் பார்ட்டியின் கணக்கோடு சரிபார்க்கும்போது 9,000 இடிக்கிறது. இடிக்கும் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கு எழுதுகிறவர்கள் தலைமுறையாகக் கையாளும் சூத்திரம். ஆகவே தவறு எளிதில் பிடிபட்டுவிடும். அதைத் திருத்தும் விதத்தில்தான் காகிதப் பேரேடும் டேலி என்ற கணக்கு மென்பொருளும் பிரிகின்றன. காகிதத்தில் அழிக்கவே கூடாது. பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒரு கோடு போட்டுச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும், இல்லையென்றால் 9,000க்கு எதிர்ப்பதிவு எழுத வேண்டும். டேலியில் பேலன்ஸ் ஷீட்டைத் திறந்து என்டர் தட்டிக்கொண்டே போனால், கடனாளிகள், அந்தப் பார்ட்டி, அந்த மாதம், அந்த பில் என்று படிப்படியாக உள்ளே இறங்கிவிடலாம். எண்ணை மாற்றி கன்ட்ரோல்-ஏ அழுத்தினால் பார்ட்டியின் பாக்கி, விற்பனை, லாபம் எல்லாம் அந்த நொடியே மாறிவிடும். வேண்டாத பில்லை ஆல்ட்-டி அழுத்தி முழுவதுமாக எடுத்துவிடவும் முடியும். 54,000 என்று ஓர் எண் அங்கே இருந்ததற்கான சுவடு, அதைக் குறித்துவைக்கும் வசதியை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தாலொழிய, எங்கும் மிஞ்சாது. டேலி நிறுவனம் வளர்ந்ததற்கும் பின்னால் அது கேட்க நேர்ந்த குறைகளுக்கும் வேர் இந்த ஒரே குணம்தான் என்பது என் கருத்து.

டேலி பிறந்தது 1986இல், பெங்களூரில். ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் வியாபாரத்துக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 1999இல் டேலி சொல்யூஷன்ஸ் ஆனது. பரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இந்த வரலாறு பலருக்கும் தெரியும். அந்த முதல் மென்பொருள் எதையெல்லாம் தூக்கி எறிந்தது என்பதுதான் போதிய அளவு பேசப்படவில்லை. அக்காலத்துக் கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. வாடகைக்கு ஓர் எண், மின்கட்டணத்துக்கு ஓர் எண் என்று பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். டேலி அதை எடுத்துவிட்டு, கணக்கின் பெயரையே அடிக்கச் சொன்னது. இரண்டாவதாக, பதிவுகளை மூட்டையாகச் சேர்த்துவைத்து மாதக் கடைசியில் பேரேட்டில் ஏற்றும் சடங்கு இருந்தது; வாரத் துணியை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவைப்பது மாதிரி. ஒருமுறை ஏற்றிவிட்டால் அந்த மாதம் பூட்டிக்கொள்ளும். டேலியில் ஏற்றுவது என்ற வேலையே கிடையாது. வவுச்சரைச் சேமித்ததும் எல்லா அறிக்கைகளும் மாறிவிடும். மாதம் பூட்டப்படாததால் ஜனவரிக்குத் திரும்பிப் போகும் வழியும் திறந்தே இருந்தது.

இந்தத் திறந்த வழி யாருக்குத் தேவைப்பட்டது என்று யோசித்தால் வளர்ச்சியின் காரணம் புரியும். ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு காலையில் லாரியில் வந்து இறங்கும். அதற்கான பில் நான்கு நாள் கழித்து வரும். அதற்குள் பாதிச் சரக்கு விற்றிருக்கும். கண்டிப்பான மென்பொருள், கொள்முதல் பதிவாகாத சரக்கை விற்க முடியாது என்று நின்றுவிடும். டேலியோ இருப்பு குறைகிறது என்று காட்டிவிட்டு, பில் போட வழிவிடும். கொள்முதல் பில் வந்ததும் பழைய தேதியில் பதிந்தால் இருப்பு தானாகச் சரியாகிவிடும். பில்லை அடித்துக்கொண்டிருக்கும்போதே புதிய பார்ட்டி வந்தால், ஆல்ட்-சி அழுத்தி அங்கேயே ஒரு லெட்ஜரைத் திறந்துகொள்ளலாம். தலைப்பு எது என்று அலைய வேண்டாம், 28 குழுக்கள் முன்பே அமைக்கப்பட்டிருக்கும். எஃப்5 அழுத்தினால் கொடுத்தது, எஃப்6 வந்தது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். மவுஸைத் தொடாமலே ஒரு நாள் வேலை முடிந்துவிடும். நம் ஊர்க் கடைகளில் காகிதங்கள் தாமதமாகவும் வரிசை தப்பியும்தான் வருகின்றன. அந்த ஒழுங்கின்மையை ஒரு குற்றமாகப் பார்க்காமல், வேலையின் இயல்பாக எடுத்துக்கொண்டதுதான் அந்த மென்பொருளின் மேதைமை.

திருட்டுப் பிரதிகளால்தானே டேலி பரவியது என்று சிலர் கேட்பார்கள். ஏராளமானோர் காசு கொடுக்காமல் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை; நிறுவனம் அதனால் இழந்ததும் உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் எல்லா மென்பொருளையும் அதே சுலபத்தில் நகலெடுக்க முடிந்தது. இலவசமாகக் கிடைத்த பலவற்றில் மக்கள் இதை மட்டும் தேர்ந்தெடுத்து நிலைத்தார்கள் என்றால், விலையைத் தாண்டி ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அதோடு, வரிச் சட்டம் மாறிய ஒவ்வொரு முறையும் உரிமம் பெற்ற பிரதிக்கு மதிப்பு கூடியது. 2005இல் பல மாநிலங்களிலும் 2007 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டிலும் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது, வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள ஒவ்வொரு கொள்முதல் பில்லும் பதிவில் இருக்க வேண்டியதாயிற்று. நோட்டுப் புத்தகத்தில் தோராயமாக எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கணினிக்கு வந்தார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் கேட்கவே வேண்டாம். இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தன் மென்பொருளைப் பயன்படுத்துவதாக டேலி சொல்கிறது. உலகின் பெரிய பெயர்களில் ஒன்றான குவிக்புக்ஸ் 2023இல் இந்தியச் சந்தையை விட்டே போய்விட்டது.

அடுத்த ஆட்சேபம் கனமானது. நினைத்தபோது பழைய பதிவை மாற்றலாம், சுவடே இருக்காது என்றால், கள்ளக் கணக்கு எழுதுபவருக்கு இதைவிடத் தோதான கருவி ஏது? வருடக் கடைசியில் லாபம் அதிகமாகத் தெரிந்தால், முந்தைய மாதங்களுக்குப் போய்ச் செலவைக் கூட்டிவிட்டு வரலாம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும், திருத்த முடிவது ஒரு தேவை. திருத்தியது தெரியாமல் போவதுதான் குறை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. திருத்தங்களைக் காட்டும் தணிக்கை வசதி பழைய டேலியிலேயே இருந்தது. அதைப் போட்டுவைப்பதும் விடுவதும் உரிமையாளர் விருப்பம், அவ்வளவுதான். அரசு கைவைத்ததும் சரியாக இந்த இடத்தில்தான். கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிய வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தவே முடியாமல் இருக்க வேண்டும் என்று 2021இல் விதி வந்தது. இருமுறை தள்ளிவைக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டேலியும் அப்படி நிறுத்த முடியாத எடிட் லாக் கொண்ட தனிப் பதிப்பைக் கொடுத்தது. ஜனவரி பில்லை இப்போதும் திருத்தலாம். 54,000 என்ற எண்ணும், யார் எப்போது மாற்றினார் என்பதும் அதன் அடியில் இருக்கும். காகிதத்தில் போட்ட அந்தக் கோடு கணினிக்குள் வந்துசேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இவ்வளவு தாமதமானதற்கு மென்பொருளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கேட்டிருக்க வேண்டிய ஆடிட்டர்களும் முதலாளிகளும் கேட்கவில்லை.

பழைய சுதந்திரத்தை இன்னொரு பக்கத்திலிருந்து சுருக்கியது இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்து, 2023 ஆகஸ்ட்டில் 5 கோடியைத் தாண்டியவர்கள் வரை இறங்கிவிட்டது. பில் அரசின் தளத்தில் பதிவாகி எண் பெற்றபின், 24 மணி நேரத்துக்குள் முழுவதுமாக ரத்து செய்யலாம். தொகையை மட்டும் மாற்ற வழியில்லை. அதன்பின் கிரெடிட் நோட் போட வேண்டியதுதான். அதாவது, எதிர்ப்பதிவு திரும்பி வந்துவிட்டது. கணக்கின் நேற்றைய பக்கம் கடையின் கணினியில் மட்டும் இருந்த காலத்தில் உருவான மென்பொருளுக்கு இது சின்ன மாற்றம் இல்லை. ஜோஹோ புக்ஸ் போல இணையத்திலேயே இயங்கும் போட்டியாளர்களுக்கு இந்த உலகம் பிறந்த வீடு. டேலி இதற்குள் குடிபுக வேண்டியிருக்கிறது. இருந்தும் அதன் இடம் அவ்வளவு சீக்கிரம் காலியாகிவிடாது என்றே நினைக்கிறேன். எஃப்8 என்றதும் விரல் தானாகப் போகிற அக்கவுன்டன்ட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கடைக்காரர் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, வேலைக்குக் கிடைக்கும் ஆள் அதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்.

அந்த விரல்களைப் பற்றித்தான் என் கவலை. டேலி கோர்ஸ் என்ற பெயரில் பல இடங்களில் சொல்லிக்கொடுக்கப்படுவது எந்த வேலைக்கு எந்தச் சாவி என்பது மட்டும். எது பற்று, எது வரவு, ஏன் என்பது விட்டுப்போகிறது. அப்படிப் படித்து வந்தவர் புரியாத தொகையை எல்லாம் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளுகிறார். கடைக்கு வாங்கிய மெஷினை மறைமுகச் செலவில் போடுகிறார். மென்பொருள் மறுக்காது, இரண்டு பக்கமும் கூட்டினால் சரியாகவே வரும். கூட்டல் சரியாக இருப்பதும் கணக்கு சரியாக இருப்பதும் வேறு வேறு. முதலாளிகளின் அலட்சியமும் இதற்குக் குறைந்ததில்லை. எந்தப் பார்ட்டி எத்தனை நாளாகப் பாக்கி வைத்திருக்கிறது என்று காட்டும் அறிக்கை நான்கைந்து தட்டலில் திறக்கும். ஆனால் பல கடைகளில் டேலி வரித் தாக்கலுக்கு முந்தைய வாரம் மட்டும் நினைவுக்கு வருகிறது. எடிட் லாக் விதியும் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானவர்களுக்கு மட்டும்தான். தனிநபர் வியாபாரத்துக்கும் பங்குதாரர் கடைகளுக்கும் அது கட்டாயமில்லை. வழக்கமான டேலியில் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். வெளியாள் ஒருவரை நம்பிக் கணக்கை ஒப்படைத்திருக்கும் கடைக்காரருக்கு அதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை. அடுத்த முறை அக்கவுன்டன்ட் வரும்போது, அது போடப்பட்டிருக்கிறதா என்று அவரிடமே திறந்து காட்டச் சொல்லலாம்.