நகக்கண்ணில் தோட்டத்து மண்

தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற "நீயா, நானா?" என்று தகராறு நடக்கும் வீடா உங்களுடையது? அப்படியானால் இந்தத் தம்பதியின் கதையைக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் ஜில்லாவில் ராட்மெல் என்று ஒரு கிராமம். 1919-ல் அங்கே ஒரு பழைய வீட்டை 700 பவுனுக்கு ஏலத்தில் எடுத்தார்கள், லெனார்ட் உல்ஃபும் அவர் மனைவி வர்ஜீனியாவும். அவர் யாழ்ப்பாணத்தில் உத்தியோகம் பார்த்தவர், தமிழ் கற்றவர். அம்மாளோ நாவலாசிரியை. வீட்டில் மின்சார விளக்கில்லை, குழாயில்லை, குளிக்கும் அறைகூட இல்லை. தோட்டம் மட்டும் முக்கால் ஏக்கர்! அதில்தான் மயங்கிவிட்டார்கள்.

1920 மே மாதக் கடைசியில் இருவருமாகக் களை பிடுங்க இறங்கினார்கள். அந்தப் பருவத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். குளிரையும் பாராமல் அதுவரை வேலைதான். மறுநாள் உடம்பெல்லாம் வலி, மேலெல்லாம் கீறல், நகக்கண்களில் மண். ஆனந்தம் என்பது இதுதான் என்று அம்மாளுக்குத் தோன்றியதாம்!

பிற்பாடு, தோட்டம் பணத்தை விழுங்குகிறதே என்று முணுமுணுத்தவரும் அவரே. (எந்த வீட்டில்தான் இல்லை?)

1939-ல் ஒரு நாள் லெனார்ட் ஆப்பிள் மரத்தடியில் ஐரிஸ் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார். ரேடியோவில் ஹிட்லர் பேசுகிறான் என்று ஜன்னலிலிருந்து மனைவி கூப்பிட்டார். அவன் செத்து வெகு காலமான பிறகும் இது பூக்கும் என்று சொல்லிவிட்டார் மனிதர், எழுந்து வரவேயில்லை.

1941 மார்ச்சில், மனநோயின் கொடுமையால், அம்மாள் உயிர் துறந்தார். அஸ்தியைக் கணவர் அந்தத் தோட்டத்திலேயே ஒரு மரத்தடியில் புதைத்தார்.

1966 மார்ச்சில் அவருக்கு வயது 85. ஆப்பிள் மரத்தடியில் ஊதாப் பூக்கள் சில பூத்திருந்தன.