மனையும் மக்களும் – 9: நாற்பது நாள் குளிருக்கு ஒரு வீட்டின் ஆயத்தம்

பாலைவனத்து வீடுகள் வெயிலை வாசலுக்கு வெளியே நிறுத்தும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு நேர் எதிரான காரியத்தை, அதாவது உள்ளே இருக்கும் உஷ்ணத்தை வெளியே நழுவவிடாமல் காக்கும் காரியத்தைப் பல தலைமுறைகளாகப் பயின்றவர்கள் காஷ்மீரப் பள்ளத்தாக்கின் ஜனங்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்ரீநகரில், டிசம்பர் 21-ஆம் தேதி, நம் மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள், ‘சில்லை கலான்’ எனப்படும் நாற்பது நாள் கடுங்குளிர் ஆரம்பமாகிறது. அது கழிந்தபின் இருபது நாள் ‘சில்லை குர்த்’, அதற்கும் பின் பத்து நாள் ‘சில்லை பச்சா’ என்று குளிர் படிப்படியாகத் தணிந்து, மார்ச் மாதம் பிறக்கும் தறுவாயில்தான் விடைபெறுகிறது. 2021 ஜனவரியில் அந்நகரத்து வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 8 டிகிரிக்கும் அப்பால் இறங்கியது.

வீட்டைக் குளிருக்குச் சித்தம் செய்வதென்றால் கதவையும் சாளரத்தையும் கவனிப்பதுதான் முதல் வேலை என்று நாம் நினைப்போம். அங்கே அது அடுக்களையில், அதுவும் நல்ல வெயில் காயும் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. பள்ளத்தாக்கை ஜம்முவோடு இணைக்கும் பாதை பனிஹால் கணவாயின் மேலாகச் சென்ற காலத்தில், பனி மூடிவிட்டால் வெளியிலிருந்து ஒரு பிடி காய்கறியும் வந்து சேராது. 1956-இல் ஜவாஹர் சுரங்கம் திறக்கப்பட்டதும், 2021-இல் அதற்கும் கீழே 8.45 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சுரங்கம் வந்ததும் அந்த நிர்ப்பந்தத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன என்றாலும், ராம்பன் பக்கத்து மலைச்சரிவுகள் இடிந்து விழுந்து சாலை அடைபடும் நாட்கள் இன்றும் உண்டு. ஆகையால் கத்தரிக்காயைக் காம்பு விடாமல் நீளவாக்கில் பிளந்து கயிற்றில் கவிழ்த்துத் தொங்கவிட்டும், சுரைக்காயைச் சீவிக் கோத்தும், நூல்கோலையும் சிவப்பு மிளகாயையும் மாலையாக்கி வெளிச்சுவர்களில் மாட்டியும், தக்காளியைப் பாயில் பரப்பியும் வற்றலாக்கிக்கொள்ளும் வழக்கத்தை ஸ்திரீகள் கைவிடவில்லை. நெல்லும் விறகும் சேமித்த வீட்டைவிட இந்த வற்றல் மாலைகள் நிறையத் தொங்கும் வீட்டைத்தான் நான் செழிப்பான வீடு என்பேன்; அதில் ஒரு குடும்பத்தின் ஐந்து மாதத்து முன்யோசனை கண்ணெதிரே தெரிகிறது.

பிறகு வீட்டின் முறை. மரச்சட்டங்களை ஊடே பாய்ச்சிக் கட்டிய கனத்த செங்கற்சுவர்களும் சரிந்த கூரையும் உடைய பழைய வீடுகளில், காற்றோட்டமான மேல்மாடி கோடைக்கென்றும், சாளரங்கள் குறைந்த கீழ்த்தளம் குளிர்காலத்துக்கென்றும் பிரித்து வைத்திருந்தார்கள். இலையுதிர் காலம் முடிகையில், குடும்பம் முழுவதும் பாத்திர பண்டங்களோடு கீழே இறங்கிவிடும். மரப்பின்னல் சாளரங்களின் துவாரங்களைக் காகிதம் ஒட்டி அடைப்பார்கள். தரையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஏரி நாணலில் முடைந்த பாய் விரித்து, அதற்கும் மேலே ‘நம்தா’ என்னும் கம்பளி விரிப்பைப் போடுவார்கள். வீடு முழுவதையும் சூடாக்க வேண்டுமென்ற எண்ணமே அவர்களுக்கு இருந்ததில்லை. வீட்டையே ஓரிரு அறைகளாகச் சுருக்கிக்கொண்டு, அங்கே மட்டும் உஷ்ணத்தைக் காப்பாற்றினார்கள். இந்தப் பிரதேசத்தின் கிருஹ நிர்மாணத்தில் இதைவிட உயர்ந்த விவேகம் வேறொன்றில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்த விவேகத்தின் சிகரம் ‘ஹமாம்’ என்னும் அறை. செதுக்கிய கற்பலகைகளால் பாவிய அதன் தளத்துக்கு அடியில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். ஒரு பக்கத்து வாயிலில் விறகை இட்டு மூட்டினால், அனலும் புகையும் தளத்தின் அடியெங்கும் உலவிக் கல்லைக் காய்ச்சிவிட்டுப் புகைபோக்கியின் வழியே வெளியேறும். அங்கேயே பதித்திருக்கும் செப்புப் பாத்திரத்தில் குளிப்பதற்கும் கைகால் அலம்புவதற்கும் வெந்நீர் தயாராக இருக்கும். கல் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறுவதால், நெருப்பு அடங்கி நெடுநேரமான பின்பும் அந்தத் தளத்தில் படுத்துறங்கலாம். ஒரு காலத்தில் மசூதிகளிலும் தனவந்தர் மாளிகைகளிலும் மட்டுமே இருந்த இந்த அமைப்பு, இப்போது நடுத்தரக் குடும்பங்களின் புது வீடுகளிலும் இடம்பெறுகிறது.

ஹமாம் கட்ட வசதியில்லாதவனுக்கும் காங்கிரி உண்டு. வில்லோ மிலாறுகளால் பின்னிய கூடைக்குள் ஒரு மண்சட்டி, அதில் கரித்தூள், மேலே தணல், அந்தத் தணலைப் போர்த்திய சாம்பல். தணல் மங்கும்போது கிளறுவதற்குக் கூடையிலேயே கட்டிய சிறு கரண்டி. சராரே ஷரீஃப் என்ற ஊரின் காங்கிரிகள் வேலைப்பாட்டுக்குப் பேர்போனவை. இதற்கு வேண்டிய கரியின் ஒரு பங்கைச் சினார் மரங்களே தருகின்றன: செம்பொன்னிறமாக உதிர்ந்த இலைகளைப் பெண்கள் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்து, அவை சாம்பலாகிப் போவதற்கு முன்பே நீர் தெளித்து அணைத்துக் கரியாக எடுத்து மூட்டை கட்டி வைப்பார்கள். ‘பெரன்’ என்ற நீண்ட தளர்ந்த அங்கிக்குள் இந்தக் கூடையை அணைத்துக்கொண்டுதான் முதியவர்கள் பொழுதைக் கழிக்கிறார்கள்.

இன்று எழும்பும் சிமெண்டு வீடுகளில் அகன்ற கண்ணாடிச் சாளரங்களும், எல்லாப் பருவத்துக்கும் பொதுவான பெரிய கூடங்களும் வந்துவிட்டன. மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் அந்தக் கூடங்கள் உறைந்துவிடுகின்றன. குழாய்களில் நீர் பனிக்கட்டியாகி விரிந்து குழாயையே வெடிக்கச் செய்வதால், சாக்குத் துணி சுற்றுவதும், இரவில் குழாயைச் சிறிது திறந்து நீரைச் சொட்டவிடுவதும் புதிய வேலைகளாகச் சேர்ந்திருக்கின்றன.

எனினும் பழைய முறையில் அபாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வருஷக்கணக்காகத் தொடையிலும் வயிற்றிலும் காங்கிரியின் சூடு படுவதால் அவ்விடத்துத் தோலில் புற்றுநோய் உண்டாவதை, ஸ்ரீநகர் மிஷன் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் பணிபுரிந்த டாக்டர் எர்னஸ்ட் நீவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விரிவாக எழுதியிருக்கிறார். அதைவிட உடனடியான அபாயம், மூடிய அறையில் கரியும் எரிவாயு அடுப்பும் கக்கும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவனை அது எழுப்புவதுமில்லை. காகிதம் ஒட்டிய சாளரங்களில் காற்று சிறிதாவது கசியும். ரப்பர் பட்டை வைத்து இறுக்கிய புதுச் சாளரங்களிலோ அதற்கும் வழியில்லை. ஆகவே எத்தனை கடுங்குளிரானாலும் படுக்கப் போகுமுன் தணலை அறைக்கு வெளியே வைத்துவிட்டு, எரிவாயு அடுப்பை அணைத்து, சாளரத்தில் ஒரு விரற்கடையேனும் திறந்து வைக்க வேண்டும்.

விறகே அரிதான லடாக்கில், சூரியனையே அடுப்பாகக் கொண்டு தெற்கு நோக்கிக் கட்டப்படும் மண் வீடுகளை அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)