அமர்ந்த தொழிலும் அடங்காத பசியும்

முக்கூடல் தெருக்களில் நண்பகலில் நடந்து செல்கிறவர், திண்ணைகளில் பெண்கள் மடியில் சுளகை வைத்து, இலையை நறுக்கித் தூளிட்டு நூல் சுற்றிப் பீடியாக்கிக்கொண்டிருப்பதைக் காண்பார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று கணக்கிடப்படும் அத்தொழிலில் விரல்கள் படும் பிரயாசை அபாரமானது. ஆயினும் விரல்களின் தசைகள் மிகச் சிறியவையாதலால், கழுத்தும் முதுகும் கடுக்கும்வரை உழைத்தபின்பும், தேகம் செலவிட்ட சக்தி சும்மா உட்கார்ந்திருப்பதைவிடச் சிறிதளவே கூடியிருக்கும். தாமிரபரணியில் துணி துவைத்து, குடம் சுமந்து, அம்மியில் அரைத்த காலத்தில் அக்குறையை வீட்டு வேலை ஈடு செய்தது. குழாயும் மிக்ஸியும் வந்தது பெரும் நன்மையே. அவற்றைக் குறைகூற எவருக்கும் நியாயமில்லை.

அசைவு குறைந்தால் பசியும் அதே அளவு குறைய வேண்டுமல்லவா? கல்கத்தாவுக்கு அருகிலிருந்த ஒரு சணல் ஆலையில் 213 பேரின் ஆகாரத்தையும் எடையையும் ஆராய்ந்து, ஜான் மேயர் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1956இல் வெளியிட்ட முடிவு அதற்கு மாறாக இருந்தது. கடும் உழைப்பாளிகள் உழைப்புக்கு ஏற்ப உண்டனர். ஆனால் நாள் முழுதும் கடையில் அமர்ந்திருந்தவர்களோ, மிதமாக உழைத்தவர்களைவிட அதிகம் உண்டதோடு எடையும் மிகுந்திருந்தனர். ஓர் எல்லைக்குக் கீழே அசைவு குறைந்துவிட்டால் பசி அதைப் பின்தொடர்வதில்லை. உடல் பருத்தவரைப் பார்த்து நாக்கை அடக்கத் தெரியாதவர் என்று ஏசுவது எவ்வளவு அநியாயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி ஆகாரத்தின் பக்கம். இரண்டு வேளைத் தேநீரில் இரண்டிரண்டு தேக்கரண்டிச் சீனியைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டால், அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கலோரி. ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு 7,700 கலோரி என்ற பழைய வாய்பாட்டின்படி, பத்து ஆண்டில் 38 கிலோ கூட வேண்டும், அவ்வாறு நேர்வதில்லை. பருத்த தேகத்தைத் தாங்கி நடமாடவே கூடுதல் சக்தி செலவாவதால் ஏற்றம் படிப்படியாகத் தணிகிறது என்பதை, கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 2011இல் கணித முறையில் விளக்கினர். அவர்கள் கணக்கின்படி இந்தச் சீனியால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் கூடும். அதில் பாதி முதல் ஆண்டிலும், பெரும்பகுதி மூன்றாண்டுக்குள்ளும் சேர்ந்துவிடும். அத்துடன் எடை நின்றுவிடும். ஆனால் மாலையில் ஒரு கை சேவு, பீடிக்கடைக்கு நடப்பதற்குப் பதிலாக மகனுடைய வண்டி என்று பழக்கம் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு மேலும் ஒரு படி ஏற்றிவிடுகிறது. பழக்கத்தை விட்டால் இறக்கமும் அதே நிதானத்தில்தான் நிகழும். ஒரு மாதத்தில் பலன் தெரியவில்லை என்று மனம் தளரக் காரணமில்லை. தராசு இல்லாத வீட்டில் தையல் நாடா போதும்: இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கும், ஆண்களுக்கு 90க்கும் மேற்படலாகாது என்பது நம் நாட்டு மருத்துவர்கள் வகுத்துள்ள வரம்பு.