உங்களுக்குத் தெரியுமா? இடுப்பை எட்டும் பந்து!

பொம்மைகளை விரலால் சுண்டி விளையாடும் ‘சப்பூட்டியோ’ மேசைக் கால்பந்தில் பந்து, பொம்மை வீரரின் இடுப்பையே எட்டும்! கொச்சி கலூர் மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி உதைத்த நிஜப் பந்தோ முழங்காலைக்கூட எட்டாது. மேசைப் பந்தை அசல் விகிதத்தில் செய்தால், மட்டாஞ்சேரிக் கிடங்கு மிளகளவுதான் வரும். சுண்டினால் எங்கே தேடுவது?

• 1947-இல் இங்கிலாந்தின் பீட்டர் அடால்ஃப் விற்ற இந்த விளையாட்டின் முதல் பெட்டிகளில் மைதானமே இல்லை. சாக்பீஸ் மட்டும் இருந்தது. பழைய ராணுவக் கம்பளியை விரித்து, கோடுகளை வாங்கியவரே போட்டுக்கொள்ள வேண்டும்.

• கோல்கீப்பர் கம்பியில் நிற்பார். வலைக்குப் பின்னாலிருந்து அசைக்க வேண்டும்.

• ஒரு பொம்மை தொடர்ந்து 3 முறைதான் பந்தைத் தொடலாம். நிஜத்தில் இல்லாத விதி!

• ஆனால் ஆஃப்சைடு இங்கேயும் உண்டு.